நாம போன ரயில் பெட்டி ஒண்ணையாவது முழுசா வைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல ஒரு போட்டோ வந்துச்சு, ஒரு ஸ்டேஷன் வாசல்ல பழைய ஸ்லீப்பர் பெட்டி ஒண்ண கொண்டுவந்து நிறுத்தி ஓட்டலா மாத்தியிருக்காங்கன்னு. ஜன்னல் கம்பியெல்லாம் அறுத்து எடுத்துட்டு பெரிய பெரிய கண்ணாடி போட்டிருக்காங்க, உள்ள பெர்த் ஒண்ணு கூட இல்ல, சோபா போட்டு சீரியல் லைட் கட்டி வெளிய பளபளன்னு பெயின்ட். குழந்தைங்க முன்னாடி நின்னு செல்ஃபி எடுக்கறாங்க. அதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா அந்தப் படத்த பாத்ததுல இருந்து எனக்கு மனசு ஒரு நிலையில இல்ல, அதான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போனாலும் முடிஞ்ச வரைக்கும் போடுங்க.

நான் கேரேஜ் ஃபிட்டரா 31 வருஷம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். கேரேஜ்னா கார் ஷெட் இல்ல, ரயில்வேல பயணிகள் பெட்டிக்கு அதான் பேரு. பிட் லைன்ல பள்ளத்துக்குள்ள நின்னு தலைக்கு மேல இருக்கற பெட்டிய டார்ச் அடிச்சு பாக்கறது, ஸ்பிரிங் உடைஞ்சிருந்தா, வீல்ல கோளாறு இருந்தா வண்டில இருந்து கழட்டி சிக் லைனுக்கு, அதாவது ரிப்பேர் பாக்கற தடத்துக்கு அனுப்பறது, இதான் என் பொழப்பு. அதனால பெட்டிய நீங்க மேல இருந்து பாத்திருப்பீங்க, நான் கீழ இருந்து பாத்திருக்கேன்.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். நாம எல்லாரும் போன அந்த சாதாரண நீலக் கலர் ஐசிஎஃப் பெட்டி (பெரம்பூர் இண்டெக்ரல் கோச் ஃபேக்டரி டிசைன்), அதுக்கு முன்னாடி அரக்குச் சிவப்புல ஓடுச்சே அதே பெட்டிதான், அதுல ஒவ்வொரு வகையிலயும் ஒண்ணு, உள்ளயும் வெளியவும் கீழயும் எதையும் மாத்தாம, கூரை போட்ட இடத்துல பத்திரமா வைக்கணும். எல்லாம் ஸ்கிராப்புக்கு போய் முடியறதுக்குள்ள இத செய்யணும். இப்ப விட்டா அப்புறம் தேடினாலும் கிடைக்காது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, மியூசியம்னு போனா எதைப் பாக்கறோம்? நீராவி எஞ்சின் பாக்கறோம், ராஜா ராணி போன சலூன் பாக்கறோம். மைசூர் ரயில்வே மியூசியம் 1979ல ஆரம்பிச்சாங்க, அங்க மகாராணி சலூன் இருக்கு, டெல்லில 1977ல ஆரம்பிச்ச தேசிய மியூசியத்துல வேல்ஸ் இளவரசருக்காக 1875ல செஞ்ச சலூன் இருக்கு. ரெண்டும் பாக்க வேண்டியதுதான், அந்த மர வேலைய இன்னிக்கு செய்ய ஆள் கிடையாது. ஆனா அதுல போனது நாலு பேரு. நம்ம அப்பா அம்மா போனது எதுல? வேலை தேடி மெட்ராஸ் வந்தவன், கல்யாணம் முடிச்சு புருஷன் ஊருக்கு அழுதுகிட்டே போன பொண்ணு, பட்டாளத்துக்கு போன பையன், இவங்க எல்லாம் போனது எதுல? அந்தப் பெட்டிக்கு ஒரு கூரை இல்ல. எஞ்சினுக்கு இருக்கற மரியாதையில கால்வாசி கூட பெட்டிக்கு கிடையாது, ஆனா எஞ்சினப் பாக்கவா டிக்கெட் எடுத்தோம், பெட்டிலதான உக்காந்து போனோம்.

அந்தப் பெட்டியோட கதை நம்ம ஊருக் கதை. 1955 அக்டோபர் 2ஆம் தேதி பெரம்பூர்ல ஐசிஎஃப் தொழிற்சாலைய நேரு வந்து திறந்து வச்சாரு. டிசைன் சுவிட்சர்லாந்துல இருந்து வந்துச்சு, சூரிச் பக்கத்துல ஷ்லீரன்னு ஒரு ஊரு, அந்த ஊர் கம்பெனியோட டிசைன். முதல்ல வெறும் கூடு மட்டும்தான் இங்க செஞ்சாங்க, உள்ள சீட்டு பெர்த் லைட் எல்லாம் போடற ஃபர்னிஷிங் பிரிவு 1962ல வந்துச்சு. அதுக்கு முன்னாடி இந்தியாவுல ஓடின பெட்டில பெரும்பாலானது இரும்புச் சட்டத்து மேல மரத்துல வீடு கட்டின மாதிரி. கீழ அண்டர்ஃபிரேம்தான் எல்லா பாரத்தையும் தாங்கும், மேல இருக்கற தேக்குமர உடம்பு சும்மா உக்காந்திருக்கும். வண்டி மோதிச்சுன்னா அந்த மர உடம்பு நொறுங்கும், ஒரு பெட்டி இன்னொரு பெட்டிக்குள்ள தீப்பெட்டி மாதிரி சொருகிக்கும், உள்ள இருக்கறவன் கதி அவ்வளவுதான்.

ஐசிஎஃப் டிசைன்ல என்ன புதுசுன்னா சட்டம் தனி உடம்பு தனின்னு கிடையாது. தரை, ரெண்டு பக்கத்துச் சுவரு, முனைச் சுவரு, கூரை எல்லாத்தையும் ஒண்ணா வெல்டிங் வச்சு ஒரே குழாய் மாதிரி ஆக்கிட்டாங்க. பாரத்த எல்லாம் சேந்துதான் தாங்குது. முட்டை ஓடு மாதிரின்னு வச்சுக்கங்க, ஓடு மெல்லிசுதான் ஆனா முழுசா இருக்கற வரைக்கும் கைல வச்சு அமுக்கினா உடையாது. அதனாலதான் பெட்டி எடையும் குறைஞ்சுது. ரெண்டு முனையிலயும் மோதினா முதல்ல அந்த முனை நசுங்கி அடிய வாங்கிக்கற மாதிரி செஞ்சிருந்தாங்க, நடுவுல உக்காந்திருக்கறவன் பொழைக்கணும்னு. எல்லாம் ஒண்ணா சேந்ததுங்கறதுதான் இண்டெக்ரல்னு பேருல இருக்கறதுக்கே அர்த்தம்.

இப்ப அந்த ஓட்டல் போட்டோவுக்கு திரும்ப வர்றேன். ஜன்னலப் பெருசாக்கறதுக்காக ரெண்டு ஜன்னலுக்கு நடுவுல இருக்கற தூண அறுத்திருக்காங்க பாருங்க, அது அலங்காரத் தூண் இல்ல. அந்தச் சுவருதான் பெட்டியோட விலா எலும்பு. மரப் பெட்டில ஜன்னல வெட்டினா ஜன்னல்தான் போகும், இதுல வெட்டினா பெட்டியே நடுவுல தொய்யும். உடனே தெரியாது. வருஷம் போகப் போக கதவு சரியா சாத்தாது, கண்ணாடி விரிசல் விடும், கூரைல தையல் விட்ட மாதிரி தண்ணி இறங்கும். அதே மாதிரி தூக்கறதும். இந்தப் பெட்டிய எங்க வேணா பெல்ட் போட்டு கிரேன்ல தூக்கக் கூடாது, போகிக்கு மேல பக்கத்துல ஜாக்கி வைக்கிறதுக்குன்னு இடம் இருக்கு, அங்க பிடிச்சுத்தான் தூக்கணும். நடுவுல பெல்ட் போட்டுத் தூக்கி லாரில ஏத்தினத நானே ஒரு இடத்துல பாத்தேன், எந்த இடம்னு வேண்டாம், பாக்கும்போதே நெஞ்சு பதறிடுச்சு.

போகின்னு சொன்னதும் ஞாபகம் வருது. மக்கள் பெட்டியவே போகின்னு சொல்லுவாங்க, எஸ் 5 போகி எங்க நிக்கும்னு கேப்பாங்க. எங்களுக்கு போகின்னா பெட்டிக்கு அடில நாலு சக்கரம் வச்ச அந்த வண்டி. ஒரு பெட்டிக்கு ரெண்டு போகி, எட்டு சக்கரம். அதுவும் ஷ்லீரன் டிசைன்தான். ஒவ்வொரு சக்கரத்து முனையிலயும் ரெண்டு சுருள் ஸ்பிரிங், அந்த ஸ்பிரிங்குக்கு நடுவுல டேஷ்பாட்னு ஒரு கிண்ணம், அதுல ஆயில் இருக்கும், ஒரு தூண் அந்த ஆயிலுக்குள்ள மேலயும் கீழயும் போய்ட்டு வரும், குலுக்கல அதான் முழுங்கும். அதுல ஆயில் லெவல் குறைஞ்சிருந்தா உங்களுக்கு ராத்திரி தூக்கம் போயிடும், பெட்டி தூக்கித் தூக்கிப் போடும். பெட்டியோட எடை நடுவுல இருக்கற பிவட்ல உக்காரும்னு எல்லாரும் நினைப்பாங்க, இல்ல. ரெண்டு பக்கமும் ஆயில்ல முங்கின சைடு பேரர் இருக்கு, அதுலதான் மொத்த எடையும். பிவட் இழுக்கறதுக்கும் திருப்பறதுக்கும்தான். எனக்கு முதல் நாள் மேஸ்திரி அண்ணன் இதக் காட்டும்போது, தம்பி இவ்வளவு பெரிய பெட்டி எண்ணெய்ல மிதந்துகிட்டு போகுதுடான்னு சொன்னாரு, அந்த வார்த்தைய நான் மறக்கல. மியூசியத்துக்கு வர்ற ஒரு பையனுக்கு இத ஒரு தடவ பக்கத்துல நின்னு பாக்க விட்டா போதும், அவன் இஞ்சினியரிங் படிக்கறதுக்கு அதுவே காரணமாயிடும். ஆனா வைக்கிற இடங்கள்ல பெட்டிக்கு அடில என்ன இருக்குன்னு குனிஞ்சு பாக்கக்கூட வழி கிடையாது, சுத்தி புல்லும் முள்வேலியும்தான்.

உள்ள வாங்க. 21 மீட்டர் சொச்சம் நீளம், மூணே கால் மீட்டர் அகலம், அதுக்குள்ள 72 பேரு படுத்துத் தூங்கற மாதிரி ஒரு இடத்த செஞ்சதே பெரிய காரியம். ஒரு தடுப்புக்கு எட்டு பேரு, ஒன்பது தடுப்பு. பகல்ல முதுகு சாயற பலகை, ராத்திரி தூக்கி சங்கிலில மாட்டினா அது நடு பெர்த். சைடு லோயர்ல ரெண்டு சீட்டு முதுகையும் மடக்கினா ஒரு ஆளு படுக்கலாம். சீட்டுக்கு அடில பெட்டியச் சங்கிலி போட்டு பூட்டறதுக்கு ஒரு வளையம். ஜன்னலுக்கு ஒரு கண்ணாடி ஷட்டர், ஒரு தகரப் பட்டை ஷட்டர், ரெண்டும் மேல தூக்கி மாட்டணும், சரியா மாட்டலேன்னா விரல்ல விழும், விழாத ஆளு தமிழ்நாட்டுல கம்மி. மின்விசிறி சுத்தலேன்னா கம்பிக்கூண்டுக்குள்ள சீப்ப விட்டு ஒரு தள்ளு தள்ளுவோமே, அந்த ஃபேனு. லைட்டும் ஃபேனும் ஓடறதுக்கு கரண்ட் எங்க இருந்து வந்துச்சு? பெட்டிக்கு அடில ஆக்சில்ல பெல்ட் மாட்டி ஒரு டைனமோ ஓடும், வண்டி ஓடும்போது அது பேட்டரிய சார்ஜ் பண்ணும், நின்னா பேட்டரில எரியும். அதனாலதான் சிக்னல்ல ரொம்ப நேரம் நின்னா லைட் மங்கும். பெல்ட் அறுந்து போன பெட்டி அடுத்த ஜங்ஷன் வரும்போது இருட்டா வந்து சேரும், டியூட்டில இருந்தவன் நாலு பேருகிட்ட திட்டு வாங்கணும்.

மரப் பலகைல படுத்து ஊருக்கு போனவங்க இன்னும் இருக்காங்க. 1974ல மூணாங்கிளாஸ் பேரையே எடுத்துட்டு ரெண்டாங்கிளாஸ்னு மாத்தினாங்க, பேரு மாறுச்சே தவிர பலகை மாறல. 1977ல மது தண்டவதே ரயில்வே மந்திரியா வந்தப்பதான் சாதா ஸ்லீப்பர் பெர்த்துக்கும் ரெண்டு இஞ்ச் ஸ்பான்ஞ் வச்சு ரெக்சின் போட ஆரம்பிச்சாங்க. ரெண்டு இஞ்ச்தான், ஆனா ராத்திரி பூரா பலகைல இடுப்பு தேய படுத்திருந்தவனுக்கு அது எவ்வளவு பெருசுன்னு யோசிச்சுப் பாருங்க. ஏழைக்கும் முதுகு வலிக்கும்னு ஒருத்தரு நினைச்சதால வந்த மாத்தம் அது. மியூசியத்துல ஒரு தடுப்புல பழைய மரப் பெர்த், பக்கத்துத் தடுப்புல ஸ்பான்ஞ் பெர்த், ரெண்டுலயும் ஒரு நிமிஷம் படுத்துப் பாருங்கன்னு விட்டா எந்த போர்டும் எழுத வேண்டாம்.

இந்தப் பெட்டிங்கள இன்னும் ஓட்டுங்கன்னு நான் சொல்லல, அத தெளிவா சொல்லிடறேன். இதுக்குப் பதிலா வந்த ஜெர்மன் டிசைன் எல்எச்பி பெட்டி இதவிட பத்திரமானது, அத நான் ஒத்துக்கறேன். பெட்டிய பெட்டியோட இணைக்கற பழைய ஸ்குரூ கப்ளிங்லயும் பக்கத்துக்கு ஒரு பஃபர்லயும் மாட்டின பெட்டிங்க பெரிய விபத்துல ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும், எல்எச்பில சென்டர் கப்ளர் ஒண்ண ஒண்ணு விடாம பிடிச்சுக்கறதால அது குறையுது. உயிரவிட பழைய பாசம் பெருசில்ல. 2018 ஜனவரில கடைசி சாதா ஐசிஎஃப் பெட்டி பெரம்பூர்ல இருந்து வெளிய போச்சு, 62 வருஷம் ஒரே டிசைன அடிப்படையா வச்சு பல ஆயிரக்கணக்குல செஞ்சிருக்காங்க, ஓட்டத்துல அது போறது சரிதான். ஆனா ஓட்டத்துல இருந்து போறது வேற, உலகத்துலயே இல்லாம போறது வேற இல்லையா.

கண்டம் பண்ணின, அதாவது இனி ஓட்ட லாயக்கில்லன்னு ஒதுக்கின பெட்டி என்ன ஆகுதுன்னு பலருக்குத் தெரியாது. கொஞ்சம் பெட்டிய கார் ஏத்தற வண்டியா மாத்திடறாங்க, ஜன்னல் கதவெல்லாம் தகடு வச்சு வெல்டிங் பண்ணி அடைச்சுட்டு முனைல பெரிய கதவு வைப்பாங்க, உள்ள பெர்த் எல்லாம் காலி. 2020ல கொரோனா வந்தப்ப 5,000க்கு மேல பெட்டிங்கள தனிமை வார்டா மாத்தினாங்க, நடு பெர்த்த எடுத்துட்டு ஒரு டாய்லெட்ட குளியலறையா ஆக்கி. அதுவும் அந்தப் பெட்டியோட சரித்திரம்தான், நாட்டுக்கு கஷ்டம்னா அதுக்கும் நின்னுச்சு. அப்படி மாத்தின பெட்டி ஒண்ணையாவது அப்படியே வச்சிருக்கலாம்னு எனக்குத் தோணுது. மீதியெல்லாம் ஸ்கிராப் ஏலம், கேஸ் கட்டர் வச்சு அறுத்தா ஒரு பெட்டி எவ்வளவு சீக்கிரம் கரையும்னு பாத்தவங்களுக்குத்தான் தெரியும்.

மீட்டர்கேஜ்ல இந்தத் தப்ப ஏற்கனவே பண்ணிட்டோம். எழும்பூர்ல இருந்து தெக்க போன வண்டி எல்லாம் ஒரு காலத்துல மீட்டர்கேஜ், சின்னப் பெட்டி, முழங்கால் இடிக்கும். சென்னைல தாம்பரம் வரைக்கும் 1931லயே கரண்ட்ல ஓடின மீட்டர்கேஜ் லோக்கல் 2004ல நின்னுச்சு, செங்கோட்டை புனலூர் மலைப்பாதை 2010ல மூடினாங்க, அதே வருஷக் கடைசில மதுரை போடி வண்டியும் நின்னுச்சு. அகலப்பாதை வேணும்னு நாமதான் கேட்டோம், வந்துச்சு, சந்தோஷம். ஆனா அந்த மலைல குகைக்குள்ள போகும்போது ஜன்னல் கம்பிய பிடிச்சுகிட்டு கத்தின பிள்ளைங்க இன்னிக்கு தன் பிள்ளைக்கு அந்தப் பெட்டியக் காட்டணும்னா எங்க கூட்டிட்டு போவாங்க? ஊட்டி ரயில் ஒண்ணுதான் மிச்சம். 1899ல குன்னூர் வரைக்கும் வந்து 1908ல ஊட்டி போன பாதை, 2005ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்ததால பொழச்சுது. மலை ஏறும்போது எஞ்சின் பின்னாடி இருந்து தள்ளும், ஒவ்வொரு பெட்டி முன்னாடியும் பிரேக்ஸ்மேன் ஒருத்தர் கொடியோட நிப்பாரு. பெட்டி, பாதை, அதுல வேலை பாக்கற ஆளு மூணையும் சேத்துக் காப்பாத்தினா எப்படி இருக்கும்னு அதப் பாத்து தெரிஞ்சுக்கலாம்.

காப்பாத்தறதுன்னா பெயின்ட் அடிக்கறது இல்ல. இதத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தேன், ஏன்னா நம்ம ஆளுங்க நல்ல மனசோட செய்யறதே கெடுதலா போயிடுது.

பெட்டி துருப்பிடிக்கறது கண்ணுக்குத் தெரியற இடத்துல இல்ல. வெளிச்சுவரு பளபளன்னு இருக்கும், உள்ள தரை செத்துப் போயிருக்கும். தரை எப்படி இருக்கும்னா கீழ நெளிநெளியா வளைச்ச இரும்புத் தகடு, அதுக்கு மேல அமுக்கின பிளைவுட் பலகை, அதுக்கு மேல பிவிசி ஷீட். கூட்டிக் கழுவற தண்ணி ஷீட்டு ஓரத்துல இறங்கி அந்த நெளிவுக்குள்ள தேங்கும். டாய்லெட் பக்கம், கதவு வாசல், ஜன்னலுக்குக் கீழ சுவர் உள்பக்கமா வளையற இடம், இந்த மூணும்தான் முதல்ல போகும். நாங்க சுத்தியால தட்டிப் பாப்போம். ணங்குன்னு சத்தம் வந்தா தகடு உயிரோட இருக்கு, சொத்துன்னு வந்தா உள்ள துரு செதில் செதிலா ஏறியிருக்கு. ஒரு தடவ நல்லா பெயின்ட் அடிச்ச பெட்டில டாய்லெட் கதவுக்கு கீழ தட்டினேன், சுத்தியே உள்ள போயிடுச்சு, கைய விட்டா டீத்தூள் மாதிரி கொட்டுது. அந்த மாதிரி பெட்டிய திறந்த வெளில வச்சுட்டு வருஷா வருஷம் பெயின்ட் அடிச்சா, பெயின்ட்தான் பெட்டிய பிடிச்சுகிட்டு நிக்கும். முதல்ல கூரை போடுங்க, பக்கச் சுவரு கூட வேண்டாம், மழையும் நேர் வெயிலும் படாம ஒரு ஷெட். அடில தண்ணி வடியற ஓட்டைங்கள அடைக்காம வைங்க, பலகைய எடுத்து தரைத் தகடு உலர விடுங்க. பாதி வியாதி அதுலயே நின்னுடும்.

அப்புறம் சுரண்டறது. எதையும் சுரண்டறதுக்கு முன்னாடி ஒரு ரூபா காசு அளவு இடத்த எடுத்து உப்புத்தாள் வச்சு மெதுவா வட்டமா தேச்சுப் பாருங்க. மரத்த அறுத்தா வயசு வளையம் தெரியும்ல, அந்த மாதிரி பெயின்ட் வளையம் வரும். மேல நீலம், அதுக்குக் கீழ இன்னொரு நீலம் கொஞ்சம் வெளிறி, அப்புறம் அரக்குச் சிவப்பு, அதுலயே ரெண்டு மூணு தரம், கடைசில பிரைமர், அப்புறம் வெறும் இரும்பு. வேக்கம் பிரேக் போய் ஏர் பிரேக் வந்தப்ப 90கள்ல சிவப்பு போய் நீலம் வந்துச்சு, அந்தக் கதை மொத்தமும் அந்த ஒரு ரூபா வட்டத்துக்குள்ள இருக்கு. நான் ஒருநாள் சும்மா இருந்த நேரத்துல ஒரு கண்டம் பெட்டில இப்படி தேச்சுப் பாத்தேன், பதினொரு வளையம் எண்ணினேன். எந்த வருஷத்து ரூபத்துல பெட்டிய வைக்கணும்னு முடிவு பண்றதுக்கு அதவிட சாட்சி வேற எது? மொத்தமா கிரைண்டர் போட்டு வழிச்சுட்டா அது திரும்ப வராது. முழு பெட்டிக்கும் புதுப் பெயின்ட் அடிச்சாலும் ஒரு மூலைல அந்த வளையத்த கண்ணாடி வச்சு காட்டுங்க.

முனைச் சுவர்ல சின்ன எழுத்துல ஏதோ எழுதியிருக்கறத பாத்திருப்பீங்க. எந்த வருஷம் கட்டினது, கடைசியா எந்த ஒர்க்‌ஷாப்புல பிஓஎச், அதாவது குறிச்ச காலத்துக்கு ஒரு தடவ பண்ற முழுப் பராமரிப்பு ஆச்சு, அடுத்து எப்ப திரும்பணும், எல்லாம் அங்கதான் இருக்கும். பெட்டி நம்பர்ல முதல் ரெண்டு எண்ணு கட்டின வருஷம். அது அந்தப் பெட்டியோட ஜாதகம். ஓட்டலா மாத்தறவங்க முதல்ல அழிக்கறது அதத்தான். கதவு பக்கத்துல ரிசர்வேஷன் சார்ட் ஒட்டி ஒட்டி பசை மேல பசை காஞ்சு தழும்பு மாதிரி இருக்கும், இப்ப சார்ட் ஒட்டறதையே நிறுத்திட்டாங்க, அதக்கூட கழுவாம விடணும்னு சொல்லுவேன். அழுக்குன்னு நினைக்காதீங்க, ராத்திரி பத்து மணிக்கு எத்தன பேரு விரல வச்சு தன் பேரத் தேடின இடம் அது.

சாமான் போயிருந்தா புதுசு போடத்தான் வேணும். ஆனா புதுசுன்னு தெரியற மாதிரி பின்பக்கம் தேதி குத்தி வைங்க, எது பழசு எது புதுசுன்னு நாளைக்கு பாக்கறவன் குழம்பக் கூடாது. பழசக் கழட்டினா வெளிய எறியாதீங்க, பை போட்டு நம்பர் எழுதி வைங்க. இன்னொண்ணு, ரொம்பப் பழைய பெட்டிங்கள்ல சூடும் சத்தமும் வராம இருக்க சுவருக்குள்ள அஸ்பெஸ்டாஸ் வச்சிருந்தாங்க, பின்னாடிதான் கண்ணாடிப் பஞ்சுக்கு மாறினாங்க. அது தெரியாம பேனல உடைச்சு எடுத்தா தூசி நுரையீரலுக்குள்ள போகும். தெரிஞ்ச ஆளு வச்சு, முகமூடி போட்டு, ஈரம் பண்ணித்தான் கை வைக்கணும். காலேஜ் பசங்கள சேவைக்குன்னு கூட்டிட்டு வந்து வெறுங்கையால உடைக்க விடாதீங்க, தயவு செஞ்சு.

எந்த வகையெல்லாம் வைக்கணும்னு கேட்டா, ஸ்லீப்பர் ஒண்ணு, 90 பேரு உக்கார்ற ஜெனரல் பெட்டி ஒண்ணு, கதவு வச்ச ரூமோட இருந்த பழைய ஃபர்ஸ்ட் கிளாஸ் ஒண்ணு, கார்டு உக்கார்ற எஸ்எல்ஆர் ஒண்ணு. முடிஞ்சா ஓடற வண்டிலயே தபால் பிரிச்ச ஆர்எம்எஸ் பெட்டி ஒண்ணு. எல்லாத்துலயும் ஜெனரல் பெட்டிதான் முதல்ல வேணும்னு நான் சொல்லுவேன். அதத்தான் யாரும் வைக்க மாட்டாங்க, பாக்க லட்சணமா இல்லன்னு. லக்கேஜ் ரேக்ல படுத்து, டாய்லெட் வாசல்ல உக்காந்து இந்த நாடு போன பெட்டி அது.

இடத்துக்கு நமக்குப் பஞ்சமில்ல. பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ் 1856ல ஆரம்பிச்சது, தெற்குல முதல் ரயில் ராயபுரத்துல இருந்து கிளம்பினதும் அதே வருஷம்தான். ஐசிஎஃப் பக்கத்துல மியூசியம் இருக்கு, பொன்மலை ஒர்க்‌ஷாப் இருக்கு. எல்லாத்துக்கும் மேல இந்தப் பெட்டிய அடி முதல் கூரை வரைக்கும் பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச ஆளுங்க இன்னும் உயிரோட இருக்காங்க, பாதிப் பேரு ரிட்டயர் ஆகி வீட்லதான் உக்காந்திருக்கோம். டேஷ்பாட்ல ஆயில் எவ்வளவு இருக்கணும், ஷட்டர் பூட்டு எந்த மாதிரி வளைஞ்சா சரியா உக்காரும், பெர்த் சங்கிலி எத்தன கண்ணியில மாட்டினா தலைப்பக்கம் தாழாது, இதெல்லாம் டிராயிங்ல பாதிதான் இருக்கும், மீதி கைலதான் இருக்கு. சம்பளம் கேக்க மாட்டோம். கூப்பிட்டா டிபன் பாக்ஸ கட்டிகிட்டு வந்துடுவோம்.

ரயில்வே அதிகாரிங்க இதப் படிப்பாங்கன்னு நம்பி ஒண்ணு சொல்றேன். நான் வேலை பாத்த யார்டு பக்கம் ஒரு சைடிங்ல ஒரு ஸ்லீப்பர் பெட்டி தனியா நிக்குது. போன மாசம் அந்தப் பக்கம் போனப்ப வேலிக்கு வெளிய நின்னு ரொம்ப நேரம் பாத்தேன். கம்பி எல்லாம் இருக்கு, தகர ஷட்டர்ல ஒண்ணு மட்டும் தொங்குது, முனைல எழுத்து இன்னும் படிக்கற மாதிரி இருக்கு, ஜன்னல் வழியா நடு பெர்த் சங்கிலி தெரியுது. கூரைல ஒரு இடத்துல மட்டும் துரு ஓட்டையா இருக்கு, நாலு அடி தகடு வெல்டிங் வச்சா அடங்கிடும். அதுக்கு இன்னும் ஏல நம்பர் எழுதல. மழைக்காலம் வர்றதுக்குள்ள அது மேல ஒரு தார்ப்பாய் போட்டு, இத வெட்டாதீங்கன்னு ஒரு சாக்பீஸ்ல எழுதி வச்சா கூட போதும், மத்தத அப்புறம் பேசிக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கேரேஜ் ஃபிட்டர், உங்க பேப்பரோட நீண்ட நாள் வாசகர்